தொடக்கப் பள்ளி வகுப்பில் டேப்லெட்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு

பள்ளிக்கு டேப்லெட் வந்து இறங்கியதும் ஆசிரியர் அறையில் எழும் முதல் கேள்வி, "இதுல என்ன ஆப் போடலாம்?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் யோசிக்க வேண்டியது, உங்கள் வகுப்பில் எந்த இடத்தில் நோட்டும் கரும்பலகையும் கைகொடுக்காமல் போகின்றன என்பதை. அது தெரிந்துவிட்டால் ஆப் தேடுவது அரை மணி நேர வேலை. தெரியாவிட்டால், எத்தனை ஆப் போட்டாலும் சரி, 'சீக்கிரம் எழுதி முடித்தவர்கள் விளையாடலாம்' என்ற அளவுக்கு டேப்லெட் சுருங்கிவிடும்.

கருவியைக் கொடுத்தாலே படிப்பு ஏறிவிடும் என்று நம்பி ஒரு நாடே இறங்கிப் பார்த்ததுண்டு. 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் பெரு நாட்டுப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கான கணினிகள் போயின. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துவது வெகுவாகக் கூடியிருந்தது. ஆனால் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே பொறுமையாகத் தொடங்குவோம்.

முதல் படி: எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

நோட்டால் முடியாத சில வேலைகள் டேப்லெட்டுக்குச் சுலபம். பிள்ளை தான் வாசித்ததைத் தானே திரும்பக் கேட்கலாம். பந்து தரையில் பட்டு நசுங்கி எழும்புவதை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பயறு முளைப்பதைத் தினமும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து, பத்து நாள் வளர்ச்சியைப் பத்து நொடியில் பார்க்கலாம். இலையின் நரம்பை கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு சொல்லைப் பத்து முறை கேட்டாலும் அலுக்காமல் உச்சரித்துக் காட்ட அதனால் முடியும். நமக்கு நாலாவது தடவையிலேயே குரல் மாறிவிடும்.

இன்னொரு பக்கம், டேப்லெட் தேவையே இல்லாத வேலைகளும் உண்டு. பயிற்சித் தாளைப் பி.டி.எஃப் ஆக்கித் திரையில் நிரப்பச் சொல்வதில் லாபம் எதுவும் இல்லை, சார்ஜ்தான் செலவு. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்து பழகுவதற்குப் பென்சிலும் தாளும்தான் சரி. கண்ணாடி மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகும், அழுத்தமும் பிடியும் பழகாது. நீளமான பகுதியை ஊன்றிப் படிக்கவும் அச்சுப் புத்தகமே மேல். 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த ஓர் ஆய்வு, தாளில் படித்தவர்களுக்கே புரிதல் சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சொல்கிறது. தகவல் கட்டுரைகளிலும், நேரக் கெடு வைத்துப் படிக்கும்போதும் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு நோக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மூன்றாம் வகுப்பு, சரளமான வாசிப்பு', அவ்வளவு போதும். கணக்கு, அறிவியல், கதை எழுதுவது என்று எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொட்டால் பிள்ளைகளுக்கு ஆப் பழக்கம்தான் வரும், பாடம் வராது.

இரண்டாம் படி: பிள்ளைகள் கைக்குப் போகும் முன்

இது அலுப்பான வேலை. ஆனால் இங்கே ஒரு மாலை செலவழித்தால் பின்னால் பல பாடவேளைகள் மிஞ்சும்.

ஒவ்வொரு டேப்லெட்டின் பின்னாலும் பெரிய எண் ஒட்டுங்கள். அதே எண்ணைத் திரையின் பின்னணிப் படமாகவும் வையுங்கள். ஒரு தாளில் '7' என்று தடிமனாக எழுதிப் படம் எடுத்து வால்பேப்பராக வைத்தால் போதும். சார்ஜ் போடும் இடத்திலும் அதே எண். ஏழாம் எண் எப்போதும் அதே பிள்ளைகளிடம்தான் போக வேண்டும். பாதி வரைந்த படம் எங்கே, யார் பாஸ்வேர்டை மாற்றியது என்ற விசாரணைகள் இதனாலேயே பெரும்பாலும் ஒழியும்.

டேப்லெட்டில் திறக்கும் கணக்கு (அக்கவுண்ட்) பள்ளியின் பெயரில் இருக்கட்டும். உங்கள் சொந்த மின்னஞ்சலைப் போட்டால் உங்கள் வீட்டுப் புகைப்படங்கள் வகுப்பில் உலா வரும், வகுப்புப் படங்கள் உங்கள் போனில் வந்து விழும். அறிவிப்புகள் அத்தனையையும் நிறுத்துங்கள். வீடியோ தானாக அடுத்ததற்குத் தாவும் வசதியையும் நிறுத்துங்கள். தேவையில்லாத ஆப்களை நீக்குங்கள். நீக்க முடியாதவற்றை ஒரு ஃபோல்டரில் போட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் நான்கைந்து ஐகான் இருந்தால் போதும்.

அப்புறம், பிள்ளையை ஒரே ஆப்புக்குள் நிறுத்தி வைக்கும் வசதியைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஐபேடில் அதற்குப் பெயர் 'கைடட் அக்சஸ்'. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கும். அதை இயக்கிவிட்டு, வேண்டிய ஆப்பைத் திறந்து, ஹோம் பொத்தானையோ மேல் பொத்தானையோ மூன்று முறை அழுத்தினால் அந்த ஆப் பூட்டிக்கொள்ளும். திரையில் ஒரு பகுதி மட்டும் தொட்டால் வேலை செய்யாதபடி மறைக்கவும், நேர வரம்பு வைக்கவும் அதிலேயே வழி உண்டு. ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்' என்று இருக்கும். வெளியே வர 'பின்' (PIN) என்ற ரகசிய எண்ணைக் கேட்கும்படி அமைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட முதல் நாளே வெளியே வரும் வழியைக் கண்டுபிடித்துவிடும். பத்துக்கு மேல் டேப்லெட் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள் இருக்கிறது. அதைப் பள்ளியில் கணினி தெரிந்த ஒருவர் அமைத்துக் கொடுப்பது நல்லது.

வைஃபையை நம்பிப் பாடம் திட்டமிடாதீர்கள். முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவைத் தொட்டால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வேண்டியதை முந்தின நாளே இறக்கி வையுங்கள். இணையமே இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. கிவிக்ஸ் என்ற இலவச ஆப்பில் விக்கிப்பீடியாவையே கோப்பாக இறக்கிவைத்துப் படிக்கலாம். கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் போட்டு வீடியோக்களையும் பயிற்சிகளையும் அதில் ஏற்றிவிட்டால், இணைய இணைப்பு இல்லாமலேயே வகுப்பு டேப்லெட்கள் அந்தக் கணினியிலிருந்து அவற்றை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: முதல் வாரம் பாடம் வேண்டாம்

முதல் வாரம் முழுக்க டேப்லெட்டைக் கையாளும் பழக்கம் மட்டும்தான். எடுப்பது, தூக்கிக்கொண்டு நடப்பது, வைப்பது, நிறுத்துவது. வெட்டிவேலை போலத் தோன்றும், ஆனால் பருவம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கப் போகிறது.

தூக்குவது இரண்டு கையாலும், மார்போடு அணைத்து. ஒரு கையில் டேப்லெட், மறு கையில் தண்ணீர் பாட்டில் என்று யாரும் நடக்கக் கூடாது. வரிசையில் நின்று ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். ஆசிரியர் பேசும்போது திரை கவிழ்ந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு முறை கைதட்டலாம், அல்லது "திரை தூங்கட்டும்" என்று சொல்லலாம். சொன்ன ஐந்து நொடியில் எல்லாத் திரையும் மேசையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும் வரை இதையே விளையாட்டாகப் பழக்குங்கள். திரை வெளிச்சமாக முகத்துக்கு எதிரே இருக்கும்போது நீங்கள் கொடுக்கும் விளக்கம் சுவருக்குத்தான் போய்ச் சேரும்.

உதவிப் பிள்ளைகளாக நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஒரு சங்கதி. வீட்டில் போன் வைத்துப் பழகிய, எல்லாம் தெரிந்த பிள்ளையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அந்தப் பிள்ளை பக்கத்துப் பையனின் டேப்லெட்டைப் பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, "முடிஞ்சுச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடும். உட்கார்ந்திருந்த பையன் எதையும் கற்றிருக்க மாட்டான். அதனால் அதிகம் பேசாத, பொறுமையான பிள்ளைகளில் இருவரையாவது சேருங்கள். விதி ஒன்றே ஒன்று: உதவி செய்பவர் கை பின்னால் கட்டியிருக்க வேண்டும், வாயால் மட்டும்தான் வழி சொல்ல வேண்டும். வாயால் சொல்லும்போது சொல்கிற பிள்ளைக்கும் தெளிவு வரும்.

முதல் வாரத்தில் பத்து நிமிடம் 'என்ன வேண்டுமானாலும் தொட்டுப் பார்' என்று விட்டுவிடுவதும் நல்லது. கேமராவில் மூக்கைப் படம் எடுத்து, கோணல்மாணலாகச் சிரித்து, எல்லா நிறத்தையும் கொட்டி வரைந்து முடித்த பிறகுதான் பாடத்தில் மனசு நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காவிட்டால் பாடத்துக்கு நடுவில் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள்.

நான்காம் படி: டேப்லெட் குறைவு என்பது குறையே இல்லை

ஆளுக்கு ஒன்று இல்லையே என்று வருந்த வேண்டாம். தொடக்க வகுப்புகளில் இரண்டு பேருக்கு ஒன்று என்பதையே நான் விரும்புவேன். ஒருவர் தொட, மற்றவர் சொல்ல, அந்த இருவருக்கிடையே பேச்சு நடக்கும். ஆளுக்கு ஒன்று கையில் இருந்தால் வகுப்பே ஊமையாகிவிடும்.

36 பிள்ளைகள், 6 டேப்லெட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று குழு, குழுவுக்கு 12 பேர். ஒரு குழு டேப்லெட்டில், இருவர் இருவராக. ஒரு குழு நோட்டு வேலையில். ஒரு குழு தரையில் உங்களைச் சுற்றி. 45 நிமிடப் பாடவேளையை மூன்றாகப் பங்கிட்டு 15, 15, 15 என்று காகிதத்தில் போட்டால் அழகாக இருக்கும், வகுப்பில் நடக்காது. எடுக்க, வைக்க, இடம் மாற நேரம் வேண்டும். 12 நிமிடமாகப் பிரித்தால் 36 போக 9 நிமிடம் கையில் நிற்கும். முதல் சில வாரம் அந்த ஒன்பதும் போதாது. அப்போது ஒரு நாளைக்கு இரண்டு குழுவை மட்டும் சுழற்றுங்கள்.

ஜோடிக்குள் கை மாறுவதற்கு மணல் கடிகாரமோ, சுவரில் பெரிய டைமரோ வையுங்கள். ஆறு நிமிடம் ஆனதும் தொடுகிறவர் சொல்கிறவர் ஆக வேண்டும். இதை விட்டுவிட்டால் வேகமான பிள்ளையே முழு நேரமும் தொட்டுக்கொண்டிருக்கும். டேப்லெட் குழு உங்கள் கண்ணில் படும்படி, திரைகள் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்படி இடம் போடுங்கள். ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், திரையில் வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியாது.

ஒரு பாடவேளை, கிட்டத்தில்

வாசிப்புக்கு நான் பரிந்துரைப்பது, பெரும்பாலான டேப்லெட்களில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவு ஆப்பைத்தான். இல்லாவிட்டால் கேமராவை மேசை மேல் கவிழ்த்து வைத்து வீடியோவாகப் பதிந்தாலும் குரல் கிடைத்துவிடும்.

பிள்ளை கையில் பாடப்புத்தகமும், அதே பத்தியை நகலெடுத்த ஒரு தாளும், ஒரு பென்சிலும் இருக்கும். முதலில் பத்தியை ஒருமுறை மனசுக்குள் வாசிக்க வேண்டும். பிறகு பதிவுப் பொத்தானை அழுத்தி உரக்க வாசிக்க வேண்டும். ஆறேழு வரிதான், ஒரு நிமிடம் ஆகும். அடுத்து இயர்போன் மாட்டிக்கொண்டு தன் குரலையே கேட்டபடி, விரலால் நகல் தாளில் வரியைத் தொடர வேண்டும். தடுமாறிய இடத்தில் ஒரு கோடு, ஒரு சொல்லை விட்ட இடத்தில் ஒரு வட்டம். புள்ளியில் நிற்காமல் ஓடிய இடத்தில் ஒரு சின்ன அம்பு. ஜோடியில் இருப்பவர் அதே பதிவைக் கேட்டு வேறு நிறப் பென்சிலால் குறிப்பார். பிறகு இரண்டாவது பதிவு.

இதில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதல்முறை தன் குரலைக் கேட்கும் பிள்ளை சிரிக்கும், "இது நான் இல்ல டீச்சர்" என்று சொல்லும். ஒரு வாரம் போனால் சிரிப்பு நின்று கோடு போடத் தொடங்கும். 'நிறுத்தி வாசி' என்று நாம் வருடம் முழுக்கச் சொன்னது ஏறாத பிள்ளைக்கு, தான் மூச்சு விடாமல் ஓடியதைக் காதால் கேட்ட பிறகு ஏறும். முக்கியமாக, திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளைக்கு வகுப்பு முன்னால் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. மூலையில் உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் பதிந்து, பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

இரைச்சல்தான் தொல்லை. ஆறு பேர் ஒரே நேரத்தில் உரக்க வாசித்தால் எல்லாப் பதிவிலும் ஆறு குரலும் இருக்கும். ஜோடிகளை அறையின் ஓரங்களுக்கும் தாழ்வாரத்துக்கும் பிரித்துவிடுங்கள். மைக் இருக்கும் சிறு துளையைக் காட்டிக் கொடுத்து, அதிலிருந்து ஒரு சாண் தள்ளி வாசிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்தத் துளையை விரலால் மூடிக்கொண்டுதான் பதிவார்கள். இயர்போன் கம்பி உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் என்றால் யாருடையது யாரோடு சேர்ந்தது என்று தேடுவதிலேயே பாடவேளை போய்விடும். ஒன்றிலிருந்து இரண்டு பேர் கேட்க ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

மாதத்துக்கு ஒரு பதிவை மட்டும், பிள்ளையின் எண்ணும் தேதியும் போட்டுச் சேமியுங்கள். பருவக் கடைசியில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பெற்றோருக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், நீங்கள் தனியாக எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ஐந்தாம் படி: ஆப் எப்படிப் பொறுக்குவது

நீங்களே முதலில் ஒரு பிள்ளையைப் போல விளையாடிப் பாருங்கள். வேண்டுமென்றே தப்பாகத் தட்டுங்கள். நாலு விடையையும் வரிசையாகத் தட்டினால், மணி அடித்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறதா? அப்படியென்றால் பிள்ளைகளும் அதைத்தான் செய்யப் போகிறார்கள். கேள்வியைப் படிக்காமலேயே டக், டக், டக், டிங் என்று முப்பது நட்சத்திரம் வாங்கும் பிள்ளையை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். தப்பு செய்தால் ஒரு துப்புக் கொடுத்து மறுபடி யோசிக்க வைக்கும் ஆப்பாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், விடையை ஜோடிக்கு வாயால் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று விதி போடுங்கள்.

விளம்பரம் வருகிறதா, 'வாங்கு' பொத்தான் இருக்கிறதா, கணக்குத் தொடங்காமல் வேலை செய்யுமா என்று பாருங்கள். அப்புறம், ஆட்டமும் பாட்டமும் எவ்வளவு? பல்லூடகக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் மேயரின் முடிவுகளில் ஒன்று, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத படமும் இசையும் கற்றலைக் குறைக்கின்றன என்பது. கழித்தல் கணக்குக்கு நடுவே ஒரு குரங்கு வந்து கரணம் போட்டால், பிள்ளைக்கு நினைவில் நிற்பது குரங்குதான்.

எனக்கு நம்பகமாகத் தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் நூல் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாக, வாசிப்பு நிலை பிரித்துக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் பின்னம், சமநிலை போன்றவற்றை இழுத்துத் தள்ளிப் பார்க்கும் மாதிரிகள் உள்ளன. அவற்றைக் கோப்பாக இறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம். ஐந்து முதல் ஏழு வயதுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற, கணினி நிரல் எழுதப் பழகும் ஆப்பில் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் கட்டைகளை அடுக்கிப் பூனையை நடக்க வைக்கலாம். அதில் விளம்பரம் இல்லை, காசும் இல்லை. பாடத்துக்குப் படம் வேண்டுமென்றால் கூகுளில் கிடைத்ததை எடுத்துப் போடாமல், இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள், யார் எடுத்த படம் என்று கீழே போடுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், கேமரா, குரல் பதிவு, வரைபலகை ஆகிய மூன்றும்தான் அதிகம் பயன்படும். அவற்றில் பிள்ளை எதையாவது செய்தால்தான் திரையில் ஏதாவது இருக்கும்.

தமிழில் தட்டச்சு

தமிழ் வகுப்புக்கு டேப்லெட்டை எடுத்தால் கீபோர்டு விஷயத்தை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறோம். நமக்கு அது வசதி. இப்போதுதான் அ, ஆ பழகும் பிள்ளைக்கு அது தலைகீழ்ப் பாடம்: 'ழ' வேண்டுமென்றால் எந்த ஆங்கில எழுத்து என்று யோசிக்கும். தமிழ் எழுத்துகளே தெரியும் கீபோர்டை மட்டும் வைத்து, ஒலிபெயர்ப்புக் கீபோர்டை நீக்கிவிடுங்கள்.

ஐபேடில் 'தமிழ் 99' அமைப்பு உள்ளேயே வருகிறது. ஆண்ட்ராய்டுக்கும் அதைக் கொடுக்கும் கீபோர்டுகள் இருக்கின்றன. தொடக்க வகுப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். 'க' தட்டி 'ஆ' தட்டினால் 'கா' வரும். 'க' தட்டி 'ஈ' தட்டினால் 'கீ'. பிள்ளை உயிர்மெய் வரிசையில் படித்ததை விரல் அப்படியே செய்கிறது. 'அக்கா' என்று எழுத 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். சொல் முழுதாக எழுதி முடியும் முன்பே கீபோர்டு நீட்டும் பரிந்துரைகளை அணைத்து வையுங்கள். எழுத்துப்பிழை எங்கே என்று நமக்குத் தெரிய வேண்டுமல்லவா?

பிள்ளைகளின் முகமும் குரலும்

வகுப்பில் எடுக்கும் எந்தப் படமும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். முப்பது வீடுகளின் போன்களுக்குப் போன படத்தைத் திரும்பப் பெற முடியாது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்: எதைப் பதிவோம், எங்கே வைப்போம், எப்போது அழிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மறுக்கும் பெற்றோர் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைக்கு வேலை குறையாமல், முகம் வராமல் கைகளை மட்டும் படம் எடுக்கும்படி பணியைத் திட்டமிடலாம்.

ஆப்பில் பெயர் கேட்டால் எண்ணையோ செல்லப்பெயரையோ போடுங்கள். கேமராவின் இருப்பிடப் பதிவை அணையுங்கள். பல ஆப்களில் '13 வயதுக்கு மேல்' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் ஒன்று, 13 வயதுக்குட்பட்ட குழந்தையின் தகவலை இணையத்தில் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தத் தொல்லை வேண்டாம் என்றே பல நிறுவனங்கள் அப்படிப் போட்டுவிடுகின்றன. வயதைக் கூட்டிப் போட்டு உள்ளே போகாதீர்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் வயது வரம்பு வேறாக இருக்கலாம், அதைப் பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண், காது, மைதானம்

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 நொடி பார்க்கச் சொல்வது பரவலான வழக்கம். 12 நிமிடச் சுழற்சி வைத்திருந்தால் இது தானாகவே நடந்துவிடும். டேப்லெட்டை மடியில் வைத்துக் குனிந்து பார்க்காமல் மேசையில் சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்ட் போதும். ஒலி அளவுக்கு செட்டிங்ஸில் உச்சவரம்பு வையுங்கள்.

எக்காரணம் கொண்டும் டேப்லெட் நேரத்தை விளையாட்டுப் பாடவேளையிலிருந்து எடுக்காதீர்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவாகவே புதிதாக வந்திருந்தது. 2015-ல் வந்த ஆய்வு இது.

கற்றார்களா என்று பார்ப்பது

ஆப் காட்டும் நட்சத்திரத்தையும் சதவீதத்தையும் மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். டேப்லெட்டை எடுத்து வைத்த பிறகு, வெளியே போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பின்னத்தைத் திரையில் இழுத்துப் பழகிய பிள்ளையிடம், "ஒரு சப்பாத்தியை மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்து வரை" என்று கேட்டால் பென்சில் உண்மையைச் சொல்லும். வரைய முடிந்தால் ஆப் வேலை செய்திருக்கிறது. முடியாவிட்டால் அடுத்த வாரம் அந்த ஆப்பை விட்டுவிட்டு, காகிதத்தை மடித்தும் வெட்டியும் சொல்லிக் கொடுங்கள்.

பதிவுகளைக் கேட்க நேரம் எங்கே என்பீர்கள். எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. நாளைக்கு நாலு பிள்ளை, ஆளுக்கு ஒரு நிமிடம். 36 பேர் என்றால் ஒன்பது பள்ளி நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

விடுமுறைக்கு முன்

பதிவுகளில் வைத்துக்கொள்ள வேண்டியதை வேறிடத்துக்கு மாற்றி, மீதியை அழித்துவிடுங்கள். 'சமீபத்தில் அழித்தவை' என்ற ஃபோல்டரையும் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பல நாட்களுக்குப் படங்கள் அங்கேயே கிடக்கும். மெல்லிய, ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள், திரை மேல் நேரடியாக எதையும் தெளிக்க வேண்டாம். சார்ஜை முழுக்க ஏற்றியும் வைக்காதீர்கள், முழுக்க இறக்கியும் வைக்காதீர்கள். பாதி அளவில் நிறுத்தி, அணைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ரகசிய எண்களை எழுதிய தாள் டேப்லெட் இருக்கும் அலமாரியில் இருக்கக் கூடாது, தலைமையாசிரியரிடம் ஒரு நகல் இருக்க வேண்டும். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே போய் சார்ஜ் போட்டு அப்டேட்களை ஓடவிடுங்கள், அவை முதல் பாடவேளையில் வந்து நிற்காமல் இருக்கும்.